கிருமிக்கும் பசி உண்டு

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்தும் வேளையில், குழந்தைகளின் காய்ச்சல் பற்றிப் பேச்சு எழுவதுண்டு. அப்போது தவறாமல் ஒரு கேள்வியும் எழும். "இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் மாலைக்குள் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்தால் மட்டும், கல்ச்சர் செய்ய வேண்டும், மூன்று நாள் கழித்து வாருங்கள், ஐந்து நாளும் ஆகலாம் என்கிறார்களே, அது ஏன்?" என்பதே அக்கேள்வி. காகிதம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகரும் வேகத்தை நன்கறிந்தவர்கள் நாம். ஆகவே, அங்கும் யாரோ ஒருவர் கோப்பைத் தலைக்கு வைத்து உறங்குகிறார் போலும் என்று ஐயுறுவது இயல்பே.

உண்மை வேறு. அந்த மூன்று நாளும் கிருமிக்கு உணவு படைக்கும் நாள்கள். அது உண்டு, வளர்ந்து, பெருகி, கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு வந்தாலன்றி, அது இன்னதென்றும், இன்ன மருந்துக்கு அடங்குமென்றும் இம்முறையில் கூற இயலாது. கிருமி எதை உண்கிறது, எவ்வாறு உண்கிறது, எவ்வளவு விரைவில் பெருகுகிறது என்பதை அறிந்துகொண்டால், அச்சோதனையின்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது விளங்கும். நம் சமையலறையில் அன்றாடம் நடப்பதும் விளங்கும். நாம் ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா, மருத்துவம் கற்றவரல்லோம். எனினும் நூல்களில் படித்தும், வல்லார் வாய்க் கேட்டும் தெளிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

வாயில்லாமல் உண்ணும் வகை

பாக்டீரியா என்பது ஒரே ஓர் உயிரணுவால் ஆன நுண்ணுயிர். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் ஐந்நூறை வரிசையாக நிறுத்தினால், அவ்வரிசையின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு வாயில்லை; பல்லில்லை; வயிறுமில்லை. உடலைச் சுற்றி ஒரு சுவர், அதன் உட்புறம் மெல்லிய சவ்வு, அவ்வளவே. நீரில் கரைந்த சிறு பொருள்கள் மட்டுமே அச்சவ்வைக் கடந்து உள்ளே செல்ல முடியும். சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. சர்க்கரைக்கு ஒரு வாயில், உப்புக்கு ஒரு வாயில், புரதத்தின் சிறு கூறுகளுக்கு ஒரு வாயில் என அவை வெவ்வேறானவை. வெளியே ஒரு பொருள் அருகியிருந்தாலும், தன் ஆற்றலைச் செலவிட்டு அதனை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் திறமும் கிருமிக்கு உண்டு.

அங்ஙனமாயின் சோறும் இறைச்சியும் எவ்வாறு அதற்கு உணவாகும்? அவை பெரும் பொருள்கள்; சவ்வின் வாயிலில் நுழையா. இதற்குக் கிருமிகள் பல ஓர் உபாயம் வைத்துள்ளன. நொதிகள் எனப்படும் செரிமானச் சாறுகளை வெளியே கசியவிடுகின்றன. அச்சாறு சோற்றின் மாவைச் சர்க்கரையாகவும், இறைச்சியின் புரதத்தைச் சிறு கூறுகளாகவும் வெளியிலேயே கரைத்துவிடுகிறது. கரைந்ததைக் கிருமி உறிஞ்சிக்கொள்கிறது. நாம் உண்டபின் செரிக்கிறோம். கிருமியோ செரித்தபின் உண்கிறது. ஊசிப்போன சோறு நூல்விட்டுக் குழைந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

அதன் தேவைகளும் நம் தேவைகளை ஒத்தவையே. உடல் கட்டுவதற்குக் கரிப்பொருள், புரதம் ஆக்குவதற்கு நைட்ரஜனும் கந்தகமும், உயிர்ப்பொருளுக்குப் பாஸ்பரஸ், இவற்றோடு சிறிதளவு இரும்பு முதலிய உலோகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நீர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை மலைபோல் குவிந்திருப்பினும் வளர்ச்சி நின்றுவிடும். நம் உடல் இதனை அறிந்தே நடக்கிறது. இரத்தத்தில் உள்ள இரும்பைத் தனிப் புரதங்களில் கட்டி வைத்துக் கிருமிக்கு எட்டாமல் காக்கிறது. கிருமியும் விடுவதில்லை, இரும்பைப் பற்றி இழுத்துவரும் பொருள்களைத் தூதுபோல் வெளியே அனுப்புகிறது. நோய் என்பதன் ஒரு பகுதி, இரும்புக்காக நடைபெறும் இந்த இழுபறியே.

உணவில் கிருமிகளுக்குள் மிகுந்த வேற்றுமை உண்டு. ஈ. கோலை எளிய குடியானவனைப் போன்றது. குளுக்கோஸ் சர்க்கரையும் சில உப்புகளும் கரைந்த நீர் கிடைத்தால், தனக்கு வேண்டிய மற்ற அனைத்தையும் தானே ஆக்கிக்கொள்ளும். நம்மால் அது முடியாது. இரு வகைச் சர்க்கரையை ஒருங்கே கொடுத்தால் அது என்ன செய்யும் என்று பாரிசில் ழாக் மோனோ என்னும் அறிஞர் 1940-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். குளுக்கோஸையும் பாற்சர்க்கரையையும் கலந்து வைத்தால், குளுக்கோஸ் தீரும்வரை அது மற்றொன்றைத் தொடுவதில்லை. தீர்ந்தபின் சிறிது நேரம் வளர்ச்சி நிற்கிறது. அதன்பின் பாற்சர்க்கரையை உடைக்கும் நொதியை ஆக்கிக்கொண்டு மீண்டும் வளர்கிறது. தேவைப்படாதபோது நொதியை ஆக்கி வீணாக்குவதில்லை என்னும் இச்சிக்கனத்தின் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியே, 1965-ல் மோனோவுக்கும் அவர்தம் தோழர் இருவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

வேறு சில கிருமிகள் பிடிவாதமான விருந்தினர். குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் தரவல்ல ஹீமோபிலஸ் என்னும் கிருமி, சூடேற்றிய இரத்தம் கலந்த உணவின்றி நன்கு வளராது. தொழுநோய்க் கிருமியோ மனிதன் சமைத்த எவ்வுணவிலும் இன்றுவரை வளர்ந்ததில்லை. சுண்டெலியின் பாதத்திலும், அர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலிலுமே அதனை வளர்த்து ஆராய வேண்டியிருக்கிறது.

பால் பாத்திரமும் ஓர் ஆய்வுக்கூடமே

கிருமி வளர்ப்பு ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நம் தாய்மார்கள் எண்ண வேண்டா. நாள்தோறும் இரவில் அவர்கள் செய்வது அதுவே. பாலைக் காய்ச்சுகிறார்கள், அதனால் அதில் முன்பே குடியிருந்த கிருமிகளுள் பெரும்பாலானவை மாய்கின்றன. கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைக்கிறார்கள். அதற்குமேல் சூடிருந்தால் உறை மோரில் உள்ள நல்ல கிருமியும் மாயும். ஒரு கரண்டி உறை ஊற்றுகிறார்கள். மூடிக் கதகதப்பான இடத்தில் வைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் இதே நான்கு படிகள்தாம்: உணவைச் சூட்டால் தூய்மை செய்தல், ஆறவைத்தல், விதையிடுதல், உரிய வெப்பத்தில் வைத்தல். பாற்சர்க்கரையை உண்ட கிருமி புளிப்பமிலத்தை வெளியிடுகிறது. அப்புளிப்பால் பாலின் புரதம் இறுகித் தயிராகிறது.

இட்லி மாவுக்கு உறையும் வேண்டுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வந்த கிருமிகளே ஊறலிலும் மாவிலும் பெருகுகின்றன. அவற்றுள் லியூகோநாஸ்டாக் என்னும் வகை வெளியிடும் வாயுவே மாவைப் பொங்கச் செய்கிறது. சென்னையில் இரவு அரைத்த மாவு விடியலில் பாத்திரம் தாண்டி வழியும். டில்லியிலோ கான்பூரிலோ மார்கழியில் அரைத்த மாவு மறுநாள் நண்பகலிலும் கல்லாய்க் கிடக்கும். புதிதாக வடக்கே குடிவந்த பெண்மணிகள் உளுந்தைக் குறை கூறுவதுண்டு. குற்றம் உளுந்தின்மீது அன்று. குளிரில் கிருமியின் நொதிகள் மெல்ல வேலை செய்கின்றன. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் பொதிந்து வைத்தால் பொங்குவது இதனாலேயே.

கூட்டு வட்டிக் கணக்கு

கிருமி உண்டு பருத்து, நடுவில் இடுங்கி, இரண்டாகிறது. இரண்டும் உண்டு நான்காகின்றன. நல்ல உணவும் 37 டிகிரி வெப்பமும் அமைந்தால், ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணியில் 64. மூன்று மணியில் 512. ஏழு மணி நேரத்தில் ஏறத்தாழ 21 இலட்சம். பத்து மணி நேரத்தில் 107 கோடிக்கு மேல். எந்த லேவாதேவிக்காரனும் கண்டறியாத கூட்டு வட்டி இது.

எனினும் இக்கணக்கு முடிவின்றிச் செல்வதில்லை. புதிய உணவில் இட்டவுடன் கிருமி இரட்டிப்பதில்லை. வண்டி புறப்படுமுன் எஞ்சினை ஆயத்தம் செய்வதுபோல், அவ்வுணவுக்கு வேண்டிய நொதிகளை ஆக்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. பின்னர் முழு வேகத்தில் இரட்டிப்பு நடக்கும். உணவு குறைந்து, தான் வெளியிட்ட கழிவே தனக்குத் தடையானதும் வளர்ச்சி நிற்கும். அதன்பின் சாவு தொடங்கும். தயிர் ஓரளவுக்குமேல் புளித்தபின் அதன் கிருமிகளே அடங்கிவிடுவது இம்முறையில்தான்.

எல்லாக் கிருமிகளும் இவ்வளவு விரைவானவையும் அல்ல. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க முக்கால் நாளுக்கும் மேலாகலாம். ஆகவேதான் சளியிலிருந்து அதனை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

கட்டுச்சோறு கூறும் பாடம்

இக்கணக்கை எழுதிப் படிக்காமலேயே நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். நெடும்பயணத்துக்குப் புளியோதரை கட்டினார்கள். புளிப்பு பெரும்பாலான கிருமிகளுக்கு ஆகாது. நீர்ப்பசையும் அதில் குறைவு. ஊறுகாயிலும் வற்றலிலும் உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமி உணவின் நடுவே நீரின்றித் தவிக்கிறது. தயிர்ச்சோற்றிலோ அதனினும் நுட்பமான முறை. சோற்றைக் குழைத்து, ஆறவைத்து, காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து கட்டுவார்கள். வண்டி விஜயவாடாவைத் தாண்டுவதற்குள் பால் தோய்ந்து இதமான தயிர்ச்சோறாகிவிடும். நல்ல கிருமி முந்தி இடம் பிடித்துப் புளிப்பைப் பரப்புவதால், பிந்தி வரும் கிருமிக்கு அங்கே இடமில்லை. தமிழர் பழைய சோறும், நம் அண்டை வீட்டு வங்காளியரின் பாந்தா பாத்தும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ஆனால் புளிப்பும் உப்பும் இல்லாத வெறுஞ்சோறு அப்படியன்று. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி, விதைபோன்ற உறைக்குள் அடங்கி, கொதிநீரிலும் சாகாமல் சோற்றில் தங்கிவிடும். வடித்த சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடந்தால் விதை முளைத்துப் பெருகும். அது வெளியிடும் நஞ்சுகளுள் ஒன்று மீண்டும் சுடவைத்தாலும் அழிவதில்லை. "நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன், இனி அச்சமில்லை" என்பது இங்கே செல்லாது. ஆகவே மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டி கிருமியைக் கொல்லாது. அதன் வேகத்தைக் குறைக்கும். வெளியே எடுத்து வைத்தால் மீண்டும் கணக்குத் தொடங்கும்.

உருளைக்கிழங்கிலிருந்து கடற்பாசிக்கு

கிருமிக்கு மனிதன் திட்டமிட்டு உணவு சமைக்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். பிரான்சில் பாஸ்ட்டர், 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சர்க்கரை, அம்மோனிய உப்பு, ஈஸ்ட்டின் சாம்பல் ஆகியவற்றை மட்டுமே நீரில் கரைத்து நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினார். ஆனால் நீர்ம உணவில் பல வகைக் கிருமிகள் ஒன்றாய்க் கலந்துவிடும். சந்தைக் கூட்டத்தில் கள்வனைப் பிடிப்பது போன்ற வேலை அது. ஜெர்மனியில் இராபர்ட் கோக் என்னும் மருத்துவர், அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தில் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியிலிருந்து பெருகிய குடும்பம். திடமான தரையில் விதைத்தால் குடும்பங்கள் தனித்தனியே நிற்கும் என்பது தெளிவாயிற்று.

உருளைக்கிழங்கில் எல்லாக் கிருமியும் வளர்வதில்லை. எனவே இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து உறையவைத்தார். அதிலும் இடர் நேர்ந்தது. உடல் வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் அதனையே தின்று நீராக்கிவிடும். அக்காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்ற வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, 1881-ல் இதற்கு வழி கூறினார். தாம் வீட்டில் செய்யும் பழக்கூழ் கோடையிலும் உருகாமல் நிற்பதற்கு அதில் சேர்க்கும் அகர்-அகர் என்னும் கடற்பாசிப் பொருளே காரணம் என்றார். சாவகத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார். அகர் ஏறத்தாழ 85 டிகிரியில் உருகும். 40 டிகிரிக்குக் கீழ் ஆறினால்தான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதனைத் தின்னவும் முடியாது. 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். அவ்வம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. எனினும் இன்றுவரை உலகமெங்கும் மருத்துவமனைகளில் கிருமி உண்பது அந்த அடுக்களைப் பொருளின் மீதே. இராமநாதபுரக் கரையில் நம் பெண்மக்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளுள் சிலவும் அகர் செய்யப் பயன்படுகின்றன. 1887-ல் பெட்ரி என்பவர் மூடியோடு கூடிய வட்டக் கண்ணாடித் தட்டை அமைத்துக் கொடுத்தார். அவர் பெயராலேயே அத்தட்டு இன்றும் வழங்குகிறது.

கல்கத்தாவும் பம்பாயும்

இக்கலைக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1883-ல் எகிப்தில் காலரா பரவியபோது அங்குச் சென்ற கோக், அங்கிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தார். 1884 ஜனவரியில் காலராக் கிருமியைக் கலப்பின்றித் தனியாக வளர்த்தார். இத்தாலியரான பசினி 1854-லேயே அக்கிருமியைக் கண்டிருந்தார். ஆயினும் தனித்து வளர்த்து ஆராய்ந்தவர் கோக். நோயாளியின் ஈரத்துணியில் அது விரைந்து பெருகுவதையும், உலர்ந்தால் மாய்ந்துவிடுவதையும், புளிப்பு அதற்கு ஆகாததையும் அவர் கண்டார். மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அதனைக் கண்டெடுத்தார்.

பம்பாயில் 1896-ல் பிளேக் நோய் புகுந்தது. ஹாஃப்கின் என்னும் அறிஞர் அங்கு அனுப்பப்பட்டார். தடுப்பு மருந்து செய்யப் பிளேக் கிருமியைப் பேரளவில் வளர்க்க வேண்டியிருந்தது. மக்களின் சமய உணர்ச்சி புண்படாவண்ணம், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விடுத்து ஆட்டிறைச்சிச் சாற்றில் உணவு சமைத்தார். அதன்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு கிருமிக் கூட்டம் ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்த கிருமிகளைச் சூட்டால் கொன்று செய்த மருந்தை, 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதன்முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

அவ்வரலாற்றில் துயரமான ஏடு ஒன்றும் உண்டு. 1902 அக்டோபரில், பஞ்சாபில் முல்கோவால் என்னும் ஊரில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் இழுப்பு நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. புட்டி ஊரில் திறக்கப்பட்டபோதே மண்ணிலுள்ள இழுப்பு நோய்க் கிருமி அதில் புகுந்திருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். 1907-ல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. கிருமிக்கென்று சமைத்த விருந்தில் அழையாத கிருமி ஒன்று புகுந்தால், நேரும் விளைவு இத்தகையது.

1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் மருத்துவர் மற்றோர் உண்மையைக் காட்டினார். காலராக் கிருமி வளர்ந்த உணவு நீரை வடிகட்டி, கிருமி முழுவதையும் நீக்கிவிட்டார். எஞ்சிய நீரே முயலின் குடலில் காலராவைப் போல் நீரைப் பெருகச் செய்தது. நோயாளியின் உயிரை வாங்குவது கிருமி வெளியிடும் நஞ்சு என்பது இதனால் நிலைபெற்றது. சோற்றைக் குறித்து மேலே கூறிய எச்சரிக்கையையும் இதனோடு சேர்த்து நினைவிற்கொள்க.

அந்த மூன்று நாள்

இனி முதற் கேள்விக்கு வருவோம். டைபாய்டு காய்ச்சலில் நோயாளியின் இரத்தம் ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிருமிதான் இருக்கும். சில வேளை அதுவும் இராது. உருப்பெருக்கியில் தேடினால் கிடைக்காது. எனவேதான் வளர்ந்தவர்களிடமிருந்து 10 மில்லிலிட்டர் அளவும், குழந்தைகளிடமிருந்து வயதுக்கேற்பக் குறைவாகவும் இரத்தம் எடுக்கிறார்கள். "இவ்வளவு இரத்தமா?" என்று தாய்மார் பதறுவது இயல்பு. ஆனால் குறைவாக எடுத்தால், உள்ள ஒரு கிருமியும் தப்பிவிடும்.

இரத்தத்தை உணவு நீர் நிறைந்த புட்டியில் விட்டு, 37 டிகிரியில் வைக்கிறார்கள். கிருமி உண்டு மூச்சுவிடும்போது கரியமில வாயு வெளிவரும். பெரிய மருத்துவமனைகளில் அவ்வாயுவை உணரும் எந்திரங்கள் இரவும் பகலும் புட்டிகளைக் கவனித்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அறிகுறி தெரிந்துவிடும். தெரியாவிடில் ஐந்து நாள் வரை காத்திருந்த பின்னரே வளர்ச்சியில்லை என்று எழுதுகிறார்கள்.

அறிகுறி தெரிந்ததும் ஒரு துளியை எடுத்து அகர்த் தட்டில் தேய்க்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்கான்கி என்னும் ஆங்கில அறிஞர் வகுத்த தட்டு ஒன்றுண்டு. அதில் பித்த உப்பும், பாற்சர்க்கரையும், புளிப்புப் பட்டால் சிவக்கும் சாயமும் கலந்திருக்கும். பித்த உப்பு வேண்டாத கிருமிகள் பலவற்றைத் தடுத்துவிடும். குடலில் வாழப் பழகிய கிருமிகள் அதனைப் பொருட்படுத்தா. ஈ. கோலை பாற்சர்க்கரையை உண்டு புளிப்பை விடுவதால் அதன் குடும்பங்கள் இளஞ்சிவப்பாகத் தோன்றும். டைபாய்டுக் கிருமியால் பாற்சர்க்கரையை உண்ண முடியாது. அதன் குடும்பங்கள் வெளுத்தே நிற்கும். மனிதனை அவன் இலையில் ஒதுக்கி வைப்பதைக் கொண்டு அறிவதுபோல், கிருமியை அது உண்ணாததைக் கொண்டு அறிகிறார்கள். இதற்கு ஓர் இரவு ஆகும்.

பின்னர் அக்கிருமியை மற்றொரு தட்டு முழுவதும் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு காகித வட்டங்களை அதன்மேல் வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால், பலிக்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் அகன்று நிற்கும். பலிக்காத மருந்தின் ஓரம்வரை கிருமி நெருங்கி வளர்ந்திருக்கும். மருத்துவர் கையில் வரும் அறிக்கை இதுவே. மூன்று நாளில் ஒரு நாளையும் யாரும் வீணாக்கவில்லை.

இவ்வளவு உழைப்பையும் ஒரே ஒரு செய்கை பாழாக்கிவிடும். நம் குடியிருப்பில், பெயர் வேண்டா, ஒரு நண்பரின் எட்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. நண்பர் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிய மாத்திரைகளை நான்கு நாள் கொடுத்தார். நடுவில் ஒருமுறை மாத்திரையை மாற்றியும் பார்த்தார். காய்ச்சல் தணிந்து மீண்டும் ஏறியது. அதன்பின் மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தில் "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வந்தது. "கிருமியே இல்லை என்கிறார்கள் அண்ணா, பின் ஏன் காய்ச்சல்?" என்று அவர் நம்மிடம் கேட்டார். கிருமி இல்லை என்று அந்த அறிக்கை கூறவில்லை. புட்டியில் வளரவில்லை என்று மட்டுமே கூறிற்று. இரத்தத்தோடு மருந்தும் புட்டிக்குள் சென்றிருக்கும். அரைகுறையாக அடிபட்ட கிருமி அங்கே உண்ணவில்லை. எந்த மருந்து பலிக்கும் என்று காட்டவல்ல ஒரே சாட்சி வாய் மூடிக்கொண்டது. மருத்துவர் ஊகத்தின்மேல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. பையன் பிழைத்தான், எனினும் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தான், அவ்வாண்டுத் தேர்வும் போயிற்று.

இது ஒரு வீட்டோடு முடிகிற இழப்பும் அன்று. வேண்டாத மருந்தையும் அளவு தவறிய மருந்தையும் எதிர்த்துப் பிழைக்கும் கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டுக் கிருமி, வழக்கமான மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு அடங்காததாயிற்று. அத்தகைய கிருமிக்கு எஞ்சியிருக்கும் மருந்து எது என்பதை அகர்த் தட்டு ஒன்றே காட்டுகிறது.

ஆகவே நம் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. காய்ச்சலுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரையைக் கடையில் தாமே கேட்டு வாங்கலாகாது. மருத்துவர் கல்ச்சர் வேண்டும் என்றால், முதல் மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுத்துவிட வேண்டும். முன்பே ஏதேனும் உட்கொண்டிருந்தால் அதன் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும்; மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுவது நன்று. இரத்தம் கொடுத்தபின் அறிக்கை வரும்வரை மருந்தின்றிக் கிடக்க வேண்டும் என்பதில்லை. நோயின் கடுமையைக் கண்டு மருத்துவர் உடனே ஒரு மருந்தைத் தொடங்குவார். அறிக்கை வந்தபின் அதனையே தொடர்வதோ மாற்றுவதோ அவர் பொறுப்பு. தொடங்கிய மருந்தை அவர் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும்.

மற்றுமொன்று. நாம் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர்கள். இவ்வாண்டு கரக்பூரில் இருப்பவர் அடுத்த ஆண்டு நாகபுரியில் இருப்பார். புதிய ஊரின் மருத்துவருக்கு நம் குழந்தைகளின் பழைய நோய்கள் தெரியா. பள்ளிச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் வைக்கும் பெட்டியிலேயே, அந்தக் கல்ச்சர் அறிக்கையையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.